ஏரிக்கரை மேல் விடிவெள்ளி

விண்கலம் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை அறிகிறது. சரியான நட்சத்திரங்கள்தானா என்று பார்ப்பது என் வேலை. இன்று அதன் கேமரா அனுப்பிய படத்தில் ஒரு புள்ளி கூடுதலாக மினுங்கியது. கலத்திலிருந்து உதிர்ந்த தூசியில் வெயில் பட்டிருக்கும். அதை நம்பினால் கலம் திசை மாறிவிடும். உடனே நீக்கியிருக்க வேண்டும். ஆனால் என் கண்ணுக்குள் அனந்தபுரத்துக்குப் பக்கத்து வறண்ட ஏரி விரிந்துவிட்டது.

விடியாத இருட்டு. காலடியில் வெடித்த களிமண், எங்கும் கோரை வாசம். அம்மா நர்ஸ் படிப்புக்கான நேர்காணலுக்குத் திண்டிவனம் போக வேண்டும். முதல் பேருந்தைப் பிடிக்க அம்மா ஏரிக்குள் குறுக்கே நடந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி நான், முன்னால் மாமா. தூரத்தில், கரைக்கு மேலே ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது.

"அண்ணே, பஸ்ஸா அது?" என்றாள் அம்மா.

"விடிவெள்ளி முளைச்சிக்கீது பாப்பா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது, மெதுவா வா."

மெதுவாகவே நடந்தோம். மாமா அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து என் வாயில் போட்டுக்கொண்டே வந்தார். வெள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. இவ்வளவு அழகா என்று வாய் பிளந்து பார்த்தேன். பிறகு அது உறுமியது. ஒற்றை விளக்கோடு கரைமேல் வந்து, வளைவில் திரும்பி, மஞ்சள் ஜன்னல்களை வரிசையாகக் காட்டிவிட்டுப் போயிற்று. அம்மா கத்திக்கொண்டே ஓடினாள்.

அதன்பின் அவள் எந்த நேர்காணலுக்கும் போகவில்லை.

புள்ளியைக் கணினியில் நீக்கிவிட்டு அம்மாவை போனில் அழைத்து, பொய் நட்சத்திரத்தைப் பிடித்ததைச் சொன்னேன். சிரித்தாள்.

"உன் மிஷினு அன்னிக்கு இருந்திருந்தா, பஸ்ஸ உட்டிருக்க மாட்டேன் இல்ல?"