துறைமுகம் தெரியும் அறை

சுவிஸில் இருக்கும் என் மச்சாள் சுகந்தி, கிரேக்கத் தீவொன்றுக்கு விடுமுறையில் போகப் போகிறாளாம். எந்த ஹோட்டல் நல்லது என்று கேட்டுக் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாள். நீச்சல் குளங்கள், வெள்ளை மாடங்கள். திருகோணமலையில், குசினிக்குள் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. வேண்டுமென்றே இருப்பதிலேயே மோசமான அறையைச் சொன்னேன். அதன் யன்னலுக்கு நேரே மீன்பிடித் துறைமுகம். நல்லா நாறட்டும் என்று நினைத்தேன்.

உடனே வீடியோவில் வந்தாள்.

“எனக்கும் அதுதானடி பிடிச்சது! எங்கட துறைமுகம் மாதிரியே இருக்கு.”

“அப்ப இஞ்சயே வாவன்.”

“எப்பிடியடி? என்ர அகதிப் பாஸ்போட்டில எங்கயும் போகலாம். இலங்கைக்கு மட்டும் ஏலாது.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். மீன் வெடுக்கு வருகிறதென்று எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் குசினி யன்னலைத் திறந்து, போனை வெளியே திருப்பினேன். துறைமுகத்தில் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், படகுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“உன்னைப் பார்க்கப் பொறாமையா இருக்கடி” என்றாள் கடைசியில்.

காலையிலிருந்து நான் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த வசனம் அது.