தோளைத் தொட்டுக் கூப்பிடுங்க

குன்றாண்டார்கோவில் சேவுகன் பர்மாச் சண்டையிலிருந்து கை கால் முழுசாகத்தான் திரும்பி வந்தார். பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் இரண்டு காதிலும் ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு மறுநாளும் அதே பீரங்கிப் பக்கம் நின்றார். சண்டை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது பட்டாளத்து டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், முழங்காலை மடக்கச் சொன்னார், நல்ல தேகம் என்று எழுதிவிட்டார். காதைப் பற்றி ஏதும் கேட்டாரோ என்னவோ, சேவுகனுக்குக் கேட்கவில்லை.

ஊரில் முதலில் எல்லாரும் கத்திப் பேசினார்கள். பிறகு கையைக் காட்டினார்கள். பிறகு அதுவும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பட்டாளத்துப் பவிசு என்று சிலர் பேசிக்கொண்டார்கள். மனைவி மருதாயி மட்டும் இடது காதோடு வாயை வைத்துச் சொல்லுவாள். நாளாக நாளாக அவளும் சோற்றை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. காதுக்குள் மட்டும் எந்நேரமும் சில்வண்டு இரைச்சல்.

பட்டாளத்திலிருந்து வந்தவர்களைப் பார்க்கப் புதுக்கோட்டைக்கு மாதம் ஒருமுறை டாக்டர் வருகிறார் என்று அறிந்து பஸ் ஏறினார். பெயரைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார். பியூன் வாசலில் நின்று கூப்பிட, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சாயங்காலம் கதவைப் பூட்டியபோதுதான், தன் பெயர் எப்போதோ வந்து போய்விட்டது என்று சேவுகனுக்கு விளங்கியது. அடுத்த மாதம் வாசலை ஒட்டி நின்று பியூனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியை மறைக்கிறார் என்று அவன் தள்ளிவிட்டான்.

அதற்கடுத்த முறை, பக்கத்தில் இருந்த நல்லதம்பி கவனித்தார். சண்டையில் ஒரு காலை இழந்தவர். பியூன் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதையும், இந்த மனிதர் மட்டும் தலை நிமிராததையும் பார்த்து, கக்கத்துக் கட்டையால் இடித்து வாசலைக் காட்டினார்.

"ஒன்னத்தான்யா கூப்பிடுறாக, போ."

உள்ளே இளவயது டாக்டர் நெடுநேரம் காதைப் பார்த்தார். பிறகு குனிந்து இடது காதில் உரக்கச் சொன்னார். "உள்ளே நரம்பு செத்துப்போச்சு. மருந்து இல்லை."

"நெனச்சதுதாங்க," என்றார் சேவுகன். "இதுக்கு முன்ன ரெண்டு தரம் வந்துட்டுச் சும்மா திரும்புனேன். காது கேக்காதவன பேரச் சொல்லிக் கூப்பிட்டா எப்புடிங்கய்யா வருவான்? தோளத் தொட்டுக் கூப்பிடச் சொல்லுங்க. என்னய மாதிரி வெளிய இன்னும் எத்தன பேரு ஒக்காந்திருக்கானோ."

டாக்டர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். மிச்சம் இருந்தவர்களைத் தானே தொட்டு விசாரித்தார். அவர்களில் இன்னும் இருவருக்குக் காது கேட்கவில்லை. மறுமாதத்திலிருந்து பியூன் கிட்டே வந்து தோளைத் தொட்டான். பட்டாளத்திலிருந்து அனுப்பும்போதே காதைச் சோதிக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுவதாகவும் டாக்டர் சொன்னார். எழுதினாரா, பதில் வந்ததா, தெரியாது.

மருந்து இல்லை என்று தெரிந்தும் சேவுகன் மாதம் தவறாமல் போனார்.

"அங்கிட்டுப் போயி என்னத்தக் கண்டீக?" என்று மருதாயி காதோடு கேட்டாள்.

"சும்மாதான்," என்றார். நல்லதம்பி நகர்ந்து இடம் கொடுப்பார், இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை எப்படிச் சொல்வது?

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் டாக்டர் வருவது நின்றுபோனது. அதன் பிறகும் ஓரிரு முறை இருவரும் வந்து பார்த்தார்கள். பிறகு நல்லதம்பியும் வரவில்லை. அவர் எந்த ஊர் என்று சேவுகன் கேட்டுக்கொண்டதே இல்லை. பூட்டிய கதவுக்கு வெளியே வராந்தாவில் கொஞ்ச நேரம் இருந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்காது என்பதால், சாலையோரம் போய் அது வரும் திசையைப் பார்த்தபடியே நின்றார்.