அண்ணியின் பத்து விரல்கள்

எங்கள் அண்ணிக்குக் கைரேகை இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது ஓர் இயந்திரம்தான். அவர் கையிலேயே சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அது தெரியாது.

அண்ணி வேறு நாட்டில் பிறந்தவர். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து எட்டு வருடமாகிறது. குடிமகனின் மனைவி என்ற முறையில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றொரு கணக்கு உண்டு. அது போன ஆண்டுதான் முடிந்தது. படிவங்களை நான் நிரப்பினேன். பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய வேலையாக இருந்தது. அண்ணி எனக்கு ‘வக்கீல்’ என்று பெயர் வைத்துவிட்டார். கல்யாணச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், போலீஸ் சான்று எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. பத்து விரல்களின் ரேகை மட்டும் பாக்கி.

அண்ணி கடைத்தெருவில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிறார். கறை எடுப்பது அவர் பொறுப்பு. மை, துரு, எண்ணெய், உதட்டுச் சாயம் எதுவானாலும் “கறை டாக்டர் இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டேதான் ஆட்கள் உள்ளே வருவார்கள். கறைக்கு அடியில் வெள்ளைத் துண்டை வைத்து, மருந்தைச் சொட்டு விட்டு, உடம்பின் எடையை எல்லாம் வலது கட்டைவிரலில் இறக்கி அழுத்தித் தேய்ப்பார். எட்டு வருடச் சோப்பும் பிளீச்சிங் தண்ணீரும் நீராவியும் சேர்ந்து விரல்நுனிகளைக் கூழாங்கல் போல வழவழப்பாக்கிவிட்டன.

குடியுரிமை அலுவலகத்தில் மூன்றாவது கவுன்ட்டர். தடித்த கண்ணாடி போட்ட அதிகாரி. அவருடைய சட்டைப் பையின் அடியில் பெரிய மைக்கறை. அண்ணி கண்ணாடித் தகட்டில் விரல்களை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு.

“மூணு தடவைதாம்மா கூப்பிடுவோம்” என்றார் அதிகாரி. “மூணாவது தடவையும் பதியலைன்னா ஃபைலை மூடிடுவாங்க.”

ஃபைல் திறந்திருக்கும்வரை அண்ணியின் தங்கும் அனுமதியை நீட்டித் தருவார்கள்; மூடிவிட்டால் அது மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு அவர் தன் நாட்டுக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை வருடமாகும் என்று கேட்டேன். அதிகாரி தோளைக் குலுக்கினார்.

இரண்டாவது முறைக்கு முந்தின நாள் மாலை அண்ணி ஒரு காரியம் செய்தார். அழுக்கு இருந்ததால்தான் இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, விரல்களைப் பிளீச்சிங் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வெளுத்துவிட்டார். மறுநாள் தோல் உரிந்திருந்தது. கவுன்ட்டரில் பத்து விரலுக்கும் சிவப்பு விளக்கு.

“உன்னை யாரு பிளீச்சிங் போடச் சொன்னது?” என்றார் அண்ணன்.

“எட்டு வருஷமா எல்லாத்தையும் அப்படித்தானே சரி பண்றேன்?”



அதிகாரிதான் வழி சொன்னார். ஒரு மாதம் தண்ணீர், சோப்பு எதிலும் கை படக்கூடாது. தோல் வளர்ந்தால் ரேகை திரும்பி வரலாம். ‘வரலாம்’ என்றுதான் சொன்னார்.

அண்ணன் பஸ் பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சமையலறை அவருடைய இரண்டாவது பட்டறை ஆனது.

“தட்டைக் கழுவச் சொன்னா இன்ஜினைக் கழுவுறீங்க” என்பார் அண்ணி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“இன்ஜின் உடையாது. இதுதான் உடையுது.”

அண்ணிக்கு நான் தலை அலசிவிட்டேன். முதல் நாள் அவர் கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்றாவது நாள், “வக்கீல், காதுக்குப் பின்னாடி நுரை இருக்கு, கேஸ் இன்னும் முடியல” என்று அதட்டத் தொடங்கிவிட்டார்.

கடையில் முதலாளியம்மா அவரை ரசீது எழுத உட்கார வைத்தார். சும்மா உட்காருவது அண்ணிக்கு முள்மேல் இருப்பது போல. ஒருநாள் ஒரு பெண் பட்டு அங்கி ஒன்றைக் கொண்டுவந்தாள், மார்பில் காப்பிக்கறையோடு. பிரஷ்ஷைத் தொட்டுப் பல வருடமான முதலாளியம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேய்க்கப் போனார். அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“அக்கா, பட்டைத் தேய்க்காதீங்க. ஒத்தி எடுங்க. கை பட்டதே துணிக்குத் தெரியக்கூடாது.”

“இங்க முதலாளி நானா நீயா?”

“நீங்கதான். ஆனா ஒத்தி எடுங்க.”

முதலாளியம்மா முணுமுணுத்தபடியே ஒத்தினார். கறை போய்விட்டது.

தினமும் காலையில் அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பதினைந்தாம் நாள், மங்கிய பென்சில் கோடுகள் போல ஏதோ தெரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தேஞ்சு வழுக்கையான டயர்ல திரும்பப் பட்டன் முளைக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

மூன்றாவது முறை மூவரும் போனோம். இடது கை நான்கு விரல்: பச்சை. இடது கட்டைவிரல்: பச்சை. வலது கை நான்கு விரல் ஒரு தடவை தயங்கிவிட்டுப் பச்சை. மிச்சம் வலது கட்டைவிரல். கறைகளோடு மல்லுக்கட்டிய விரல்.

சிவப்பு.

“இன்னும் ஒரு தடவை வைங்க” என்றார் அதிகாரி.

அண்ணி வைத்தார். சிவப்பு. அவர் தோள்பட்டை விறைத்திருப்பதை, விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவதை நான் பார்த்தேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசித் தடவைம்மா. இதுக்கு மேல மெஷினே பூட்டிக்கும்.”

அண்ணி கையை எடுத்துக்கொண்டார். தகட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சன்னமாக, தனக்குத்தானே சொல்வது போல, “பட்டு” என்றார். தோளைத் தளர்த்தினார். கட்டைவிரலைக் கொண்டுபோய், தேய்க்காமல், அழுத்தாமல், கண்ணாடிமேல் ஒத்தினார்.

பச்சை.

திரையில் அந்த ரேகை பெரிதாக வந்தது. சுழிசுழியாக, நடுவில் ஒரு தழும்போடு. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணன் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் ஜலதோஷம் என்பார். அதிகாரி முத்திரை குத்தி ரசீதை நீட்டினார்.

அண்ணி அதை வாங்கவில்லை. “சார், உங்க சட்டைப் பையில மைக்கறை. முதல் நாளே பார்த்தேன். சொல்லத் தைரியம் வரல. வீட்டுல தேய்ச்சிடாதீங்க, பரவிடும். கடைக்குக் கொண்டு வாங்க.”

அதிகாரி குனிந்து பையைப் பார்த்தார். “இது போகுமா?”

“என் கைக்கு வந்தா போகும்.”

ஐந்து மாதம் கழித்து அண்ணி உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் வாங்கினார். அன்று மதியமே கடைக்குப் போய்விட்டார், இப்போது ரப்பர் கையுறையோடு. பட்டறையிலிருந்து நேராகக் கடைக்கு ஓடிவந்த அண்ணன் சான்றிதழைப் பார்க்கக் கை நீட்டினார். கையெல்லாம் கிரீஸ்.

அண்ணி அதைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார்.

“முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க” என்றார் எங்கள் நாட்டுக் குடிமகள். “காகிதத்துல கறை பட்டா என்னாலகூட எடுக்க முடியாது.”