மாய் கட்டிய எருமைக் கயிறு

நோங் தி மாய் வாத்து வறுத்து விற்கிறவள். எல்லையோர ஊரான லாங் சொன்னின் சந்தையில் அவள் கடைக்கு முன்னால் காலை ஒன்பது மணிக்கே கூட்டம் நிற்கும். வாத்தின் வயிற்றுக்குள் மலையில் பறித்த மக்மாத் இலையைத் திணித்து, மேலே தேன் தடவி, கரியடுப்பில் திருப்பித் திருப்பி வாட்டி எடுப்பாள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. வடக்கே இருக்கிற அந்தப் பெரிய தேசம் எத்தனை தடவை மலையிறங்கி வந்தது, எந்தத் தளபதி எந்தப் பாறையடியில் தலையைப் பறிகொடுத்தான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கால் வாத்து வாங்க வந்தவன் ஒரு முழுப் போரைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவான்.

அவளுக்கு இருபது வயதாகி, கல்யாணம் முடிந்து பதினோரு மாதம் ஆனபோது அந்தத் தேசம் கடைசியாக ஒரு முறை வந்தது. ஊர் மொத்தமும் குகைக்குள் ஓடியது. மாய் கைக்கு அகப்பட்ட பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குகைக்குள் அது போட்ட கூச்சலில், "அதைக் கொல்லு, இல்லேன்னா உன்னைக் கொன்னுடுவோம்" என்று ஊரே பல்லைக் கடித்தது. அதன் வாயில் கிழங்கைத் திணித்துத் திணித்தே ஒரு மாதத்தை ஓட்டினாள். வெளியே வந்தபோது ஊரில் கொழுத்திருந்த ஒரே உயிர் அந்தப் பன்றிதான். இந்தக் கதையை அவள் சொல்லக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிக்காதவர் கிடையாது. ஊர்க்காவல் படையோடு போன கணவன் திரும்பி வரவில்லை என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுவாள். அதற்கென்று தனியாக ஒரு பாட்டுக் கட்டி, முப்பத்து மூன்று வருடமாக யாரிடமும் பாடாமல் வைத்திருந்தாள். அப்படி ஒரு பாட்டு இருப்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

பாட்டாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. அவளுடைய நா ஸாங் கிராமத்தில் பெண் அழைக்க வருகிறவர்கள் மடமடவென்று உள்ளே நுழைந்துவிட முடியாது. வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருக்கும். பெண் வீட்டுக்காரி பாடிக் கேட்பாள். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் பாடிப் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு கோப்பை சாராயம், அப்புறம் அடுத்த கேள்வி. திணறினால் வந்த வழியே திரும்பிப் போய் இன்னொரு நல்ல நாள் பார்க்க வேண்டியதுதான். மற்ற ஊர்களில் பாவம் பார்த்து விட்டுவிடுவார்கள். இந்த ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் கயிறு கட்டிப் பாடுகிறவள் மாய்; அவளுக்குப் பாவம் பார்க்கிற பழக்கமே கிடையாது. வறுத்த பன்றியும் வெற்றிலைத் தட்டுமாக வந்த மூன்று மாப்பிள்ளைகளை அப்படியே திருப்பி அனுப்பியவள். அதில் ஒருவன் வேறு பெண்ணையே கட்டிக்கொண்டான்.

இப்போது கல்யாணம் ஹியெனுக்கு. செத்துப்போன தங்கையின் மகள், மாய் தோளில் தூக்கி வளர்த்தவள். லாரி ஓட்டும் வெய் ஜியான் என்ற பையனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று ஹியென் சொன்னபோது மாய் சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

"எந்த ஊரு?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம், பெரியம்மா."

அன்றுதான் மாய் கடையில் முதல்முறையாக ஒரு வாத்து கருகியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. மலையின் இரண்டு பக்கமும் பேச்சு ஒன்று, பாட்டு ஒன்று, ஆள்கிறவர்கள்தான் வேறு. அடுப்பைக் கிளறிக்கொண்டே, "சரி, ஆனா கயிறு நான்தான் கட்டுவேன்" என்றாள்.

ஹியென் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் அவனுடைய தாய்மாமன் மெங் தேக்குய். மாயின் கணவன் போன அந்த வருடம், மலையிறங்கி வந்த படையோடு கோவேறு கழுதை ஓட்டி மூட்டை சுமந்து வந்தவர். இது மாய்க்கும் தெரியும்.

"பெரியம்மா, எந்தப் பாட்ட வேணா பாடுங்க. அந்தக் கடைசிப் பாட்டு, பெரியப்பா பாட்டு மட்டும் வேணாம். அவர் என்ன பதில் சொல்லுவாரு?"

"கல்யாணப் பொண்ணு பூவப் பாரு, பொட்டப் பாரு. கயித்துல உனக்கென்னடி வேலை?"

பதினொரு மணிக்குள் கயிற்றைத் தாண்டியாக வேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்தவர் சொல்லியிருந்தார். தவறினால் இரண்டு ஜாதகத்துக்கும் அடுத்த நல்ல நாள் பதினான்கு மாதம் கழித்துத்தான்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை கூட்டம் தூறலில் குடையும் பன்றியுமாக மேடேறி வந்தது. முன்னால் தேக்குய், தொப்பியும் தொப்பையுமாக.

"வாங்க சம்பந்தி!" என்றாள் மாய். "அந்தப் பக்கத்துலேருந்து சொல்லிட்டு வர்ற மொதக் கூட்டம் நீங்கதான்."

"சொல்லிட்டு வந்தும் கட்டித்தானே வச்சிருக்கீங்க? இது எருமைக் கயிறு மாதிரி இருக்கே சம்பந்தி!"

"மாதிரி என்ன, எருமைக் கயிறேதான். உங்களுக்காகத்தான் செவப்புத் துணி சுத்தியிருக்கேன்."

ஊரே கொல்லென்று சிரித்தது. மாய் குரலைச் செருமிக்கொண்டு, அந்தத் தேசத்தின் பழைய சோங் ராஜாக்களின் படையில் ஆரம்பித்தாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரை வரை வந்தீர்களே, என்னத்தை அள்ளிக்கொண்டு போனீர்கள் என்று பாடினாள். "காய்ச்சலையும் வயித்துப்போக்கையும்" என்று தேக்குய் ராகம் பிசகாமல் பாடி, முதல் கோப்பையைக் கவிழ்த்தார். அடுத்து மங்கோலியர்கள். வெண்கலக் குழாய்க்குள் ஒளிந்துகொண்டு ஓடின இளவரசன் உங்களுக்கு மாமனா மச்சானா? "எங்களையும் அடிச்சுப் போட்டுட்டுத்தானே தாயி உங்ககிட்ட வந்தான், அந்தக் குழாய்க்கு மூடி போடாம விட்டீங்களே!" இரண்டாவது கோப்பையும் உள்ளே போனது.

மூன்றாவது மிங் படை. இங்கேயிருந்து கூப்பிடுதூரத்தில் தலையை விட்டுவிட்டுப் போன தளபதியைப் பற்றி மாய் கண்ணை உருட்டிப் பாடினாள். தேக்குய் அசரவில்லை.

"தலை போனது எங்க தளபதிக்கு. அதுக்கு ஈடா தங்கத்துல பொம்மை செஞ்சு எங்க ராஜாவுக்கு அனுப்பிச்சது உங்க ராஜா. செயிச்சவன் பரிசு குடுத்தத எங்கயாவது பாத்திருக்கீங்களா? இதுல யாருக்குப் பைத்தியம் சம்பந்தி?"

பெண் வீட்டார் பக்கமே கைதட்டியது. மாய் அவர்களை ஒரு முறை முறைத்தாள். நான்காவதாக, புத்தாண்டு விருந்தில் குடித்துக் கிடந்து அடிவாங்கின சிங் படையை இழுத்துவந்தாள். மூன்று கோப்பை உள்ளே போனதில் தேக்குய் லேசாக ஆட ஆரம்பித்திருந்தார். பாட்டை விட்டுவிட்டுக் கத்தினார்:

"எந்தப் படையா இருந்தாலும் எங்க வாசல் வழியாத்தானே வந்துச்சு? எங்க கோழியத் தின்னு தீத்துட்டுத்தான் உங்க வாத்தத் தேடி வந்தானுங்க! அடிவாங்கித் திரும்பறப்ப அந்தக் கோவத்துல மிச்சக் கோழியையும் தின்னானுங்க! ஆயிரம் வருஷமா பாடறீங்களே, எந்தப் பாட்டுலயாவது எங்க கோழி இருக்கா?"

மாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு கூட்டத்தில் தொற்றி, பன்றி சுமந்தவன் பன்றியோடு குந்திவிட்டான். மாப்பிள்ளை மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அழுகிற நிலையில் இருந்தான். பதினொன்றுக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"கடைசி ஒண்ணு இருக்கு" என்றாள் மாய்.

சிரிப்பு ஓய்ந்தது. அது எது என்று எல்லாருக்கும் தெரியும். தேக்குய் கோப்பைக்குக் கை நீட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, நனைந்த தலையோடு நிமிர்ந்து நின்றார். போதையெல்லாம் எங்கோ போய்விட்டது.

முதல் சொல் மாயின் தொண்டை வரை வந்துவிட்டது. பாடினால் ஜெயித்துவிடுவாள். ஜெயித்தால் மகள் இன்னும் பதினான்கு மாதம் இந்த வீட்டிலேயே இருப்பாள். உண்மையைச் சொன்னால், அந்த ஆசையும் அவளுக்கு இருந்தது. ஹியென் போய்விட்டால் ராத்திரிச் சோற்றுக்கு எதிரே உட்கார ஆள் கிடையாது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஹியென் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும், மூட்டையை அணைத்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. பெரியம்மா என்ன செய்தாலும் சரி என்பதுபோல் நின்றாள்.

"மறந்துபோச்சு" என்றாள்.

ஒரு கணம் யாரும் நம்பவில்லை. அப்புறம் "மாய் தோத்துட்டா!" என்று கிளம்பிய கூச்சலில் கூரை மேல் இருந்த புறாவெல்லாம் பறந்தது. ஆனால் கயிற்று முடிச்சு தூறலில் நனைந்து கல்லாக இறுகிக் கிடந்தது. ஒருவன் கத்தியோடு ஓடிவந்தான்.

"வெட்டாதடா, அபசகுனம்!" என்று மாய் அலறிக்கொண்டு முடிச்சைப் பல்லால் கடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து தேக்குய் கடித்தார். நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டன. "மூணு நிமிஷம்! ரெண்டு!" என்று ஊரே எண்ணியது. படக்கென்று முடிச்சு அவிழ்ந்த வேகத்தில் இரண்டு பேரும் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். குடை, பன்றி, மாப்பிள்ளை எல்லாம் அவர்களைத் தாண்டி உள்ளே ஓடியது.

வாசலில் இவர்கள் இருவர்தான் மிச்சம். தேக்குய் மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு மறக்கல சம்பந்தி."

"தெரியும்" என்றாள் மாய், வாயில் ஒட்டியிருந்த நாரைத் துப்பிவிட்டு. "மறந்திருந்தீங்கன்னா பாடியிருப்பேன்."