காதில் விழாத இருமல்

அவர் நூற்பாலையில் ஃபிட்டர். அத்தனை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். ஒரு பேரிங் கரகரத்தால் போதும், தலை தானாகத் திரும்பிவிடும். "நான் எங்கப்பா கவனிக்கறேன்? பழகின சத்தத்தைக் காது தள்ளிடும், புதுசுன்னா சொல்லும்" என்பார்.

மனைவிக்கு மூச்சு வாங்கியதால் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். "எவ்வளவு நாளா இருமுறாங்க?" என்று டாக்டர் கேட்டார். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வருஷம் இருக்கும்" என்றாள் மனைவி, குறைப்பட்டுக்கொள்ளாமல்.

பக்கத்தில் படுத்தவளின் இருமல் மின்விசிறிச் சத்தத்தோடு கலந்துபோயிருந்தது. நோய் முற்றிவிட்டது, சில மாதங்களில் அவள் போய்விட்டாள்.

உறவினர்கள் கலைந்த மறுநாள் விடிகாலையில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். மகள் ஓடிவந்தாள்.

"என்னப்பா?"

"அம்மா இருமலைக் காணோமேன்னு முழிச்சுக்கிட்டேம்மா."