வெளிச்சப் பொட்டும் அப்பாவின் சைக்கிளும்

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது என்பேன். மூன்றாம் வகுப்பு என்பாள் அக்கா. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சித்திரை விடுமுறை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் நடக்கவிருந்த விஞ்ஞானக் கண்காட்சிக்கு அக்கா ஒரு கருவி செய்தாள். ஜாம் போத்தலுக்குள் மெல்லிய நூலில் தொங்கும் சிறு காந்தம். அதில் ஒட்டிய கண்ணாடித் துண்டு. அதன்மேல் பட்ட லேசர் வெளிச்சம் எதிர்ச்சுவரில் சிவப்புப் பொட்டாக விழுந்தது. எங்கள் தலைக்கு மேலே, மேகங்களுக்கும் அப்பால், பகலில் மின்சாரம் கிழக்கே ஓடுகிறதாம். வெயில் ஏற ஏற அது பெருகும், காந்தம் அதை உணர்ந்து திரும்பும், பொட்டு நகரும். அது நிற்கும் இடங்களை நேரத்துக்கு நேரம் தாளில் குறித்துக் கோடாக இணைப்பாள் அக்கா. காலையில் மெல்ல விலகி, பிற்பகலில் மெல்லத் திரும்பும் ஒரு முழுநாள் கோடு அவளுக்கு வேண்டும்.

அதுதான் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்குச் சற்று முன், பொட்டு உச்சத்தை நெருங்கும் வேளையில், துள்ளி வேறிடத்தில் போய் நிற்கும். அக்கா தலையில் கைவைப்பாள். நானோ "அப்பா வந்திட்டார்!" என்று வாசலுக்கு ஓடுவேன். சுன்னாகம் சந்தையிலிருந்து வரும் அப்பா சைக்கிளைக் கருவி இருந்த அறையின் வெளிச்சுவரில்தான் சாத்துவார். கருவி செய்யப்பட்டதே அப்பா வருவதைச் சொல்லத்தான் என்று நினைத்திருந்தேன்.

அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது விடுமுறை முடியப்போகும் தறுவாயில்.

"அப்பா, உங்கடை சைக்கிள் இரும்புதான் காந்தத்தைக் குழப்புது."

"நான் வாறது வானத்துக்கும் தெரியுதாக்கும் எண்டு இருந்தன்," என்றார் அப்பா.

"பகிடியை விடுங்கோ. நாளைக்கு விட்டால் எனக்கு வேறை நாள் இல்லை."

"என்ரை தோசைக்கல்லையும் கொண்டுபோய் வெளியிலை வைக்கட்டோ?" என்றாள் அம்மா, குசினியிலிருந்து.

மறுநாள் பொட்டின் முன் காவல் இருந்தேன். அது விலகியது, நின்றது, திரும்பத் தொடங்கியது. துள்ளவே இல்லை. அப்பாவைக் காணோம் என்று அழ ஆயத்தமானபோது, வியர்வையில் நனைந்த சேட் முதுகோடு ஒட்ட, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் வாசலில் நின்றார். சைக்கிளைச் சந்தியிலேயே விட்டுவிட்டு, கொதிக்கும் வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"அக்கா, உது பழுதாப் போச்சு! அப்பா வந்தது அதுக்குத் தெரியேல்லை!"

அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா அகப்பையோடு ஓடிவந்து சிரித்தாள். எனக்கு மட்டும் கோபம். அப்பா வந்ததைக்கூடச் சொல்லாத கருவியை எதற்குக் கொண்டாடுகிறார்கள்? அதைவிட, தான் வந்த தடமே இல்லாத அந்தக் கோட்டை அப்பா ஏன் அவ்வளவு பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது, எந்த வகுப்பில் இருந்தேனோ, அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.