பேச்சு திக்காத வேகம்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலைச்சாலையில் சைக்கிளில் ஏறிய ஒவ்வொரு நாளும் என் டைரியில் இருக்கிறது: தேதி, கிளம்பிய நேரமும் வேகமும், முடியாமல் கால் ஊன்றிய இடம், மேலே சேர்ந்த நேரம். ஒருமுறையாவது கால் ஊன்றாமல் உச்சியிலுள்ள சோதனைச் சாவடியைத் தொட வேண்டும் என்பது ஆசை. தெம்பு இருக்கும்போதே அடிவாரத்தில் வேகமாக மிதித்துவிட வேண்டும் என்று நம்பியிருந்தேன்.

அன்றும் வழக்கமான கொண்டை ஊசி வளைவில் இரைத்துக்கொண்டு நின்றேன். அடிவாரத்தில் நான் முந்தி வந்த பூக்கார அம்மாள், கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளில், கேரியரில் கூடையோடு என்னைக் கடந்து போனார். காதில் இயர்போன். "புளியைக் குறைச்சு ஊத்துடி" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே ஏறினார். கூப்பிட்டு நிறுத்தக்கூட எனக்கு மூச்சு இல்லை.

ஒருவழியாக மேலே போய், சாவடியருகே பூ விற்றுக்கொண்டிருந்த அவரிடம், பேசிக்கொண்டே எப்படி ஏற முடிகிறது என்று கேட்டேன்.

"சண்டைக்குப் போறாப்புல கெளம்புனீகளே அண்ணே, அப்பவே நினைச்சேன். எனக்குப் பேச்சு திக்குச்சுன்னா மிதியக் குறைச்சுருவேன். அம்புட்டுத்தான்."

"பேச ஆள் வேணுமே?"

"ஏன், வீட்ல மதினி இல்லையாக்கும்?"

வீடு திரும்பி டைரியைப் புரட்டினேன். வேகமாகக் கிளம்பிய நாளெல்லாம் அதே வளைவில்தான் நின்றிருக்கிறேன். என் கையெழுத்துதான். எனக்குத்தான் தெரியவில்லை.

மறுவாரம் மனைவியிடம் அந்தத் தேதிகளைப் போனில் ஒப்பித்தபடியே ஏறினேன்.

"இன்னும் எம்புட்டுத் தேதிங்க இருக்கு?" என்று அவள் கேட்டபோது சாவடி வந்துவிட்டது. கால் ஊன்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்; இதுவரை ஏறியதிலேயே குறைந்த நேரம். நம்ப முடியாமல், அங்கிருந்த போலீஸ்காரரிடமும் மணி கேட்டேன்.